வலிப்பது பல்லா, மூக்கா?

கேள்வி: மார்கழி பிறந்தாலே எனக்குத் தும்மலும் மூக்கடைப்பும் தொடங்கிவிடும், மாசி வரை ஓயாது. தினமும் இரவில் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடிதான் தூங்குகிறேன். இந்த முறை ஒரு வாரமாக மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் வலிக்கின்றன. காலையில் வாய் நாற்றம் வேறு. ஒரு பல்லுக்கு ரூட் கெனால் செய்துவிடலாம் என்கிறார் பல் டாக்டர். செய்துகொள்ளலாமா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். வலி அந்தப் பல்லில்தான் இருக்கிறது என்பது முதலில் உறுதியாகட்டும்.

மூக்கின் இருபுறமும் கன்ன எலும்புக்குள் சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. அதன் தரைக்கு நேர் கீழேதான் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள். சிலருக்கு நடுவில் இருக்கும் எலும்பு காகிதக் கனம்தான். அலர்ஜியில் சைனஸின் உட்சவ்வு வீங்கி, சளி வடியும் வழி அடைபட்டால், அந்த அழுத்தம் பல்வலியாகவே தெரியும். பற்களுக்குப் போகும் நரம்புகள் சைனஸ் சுவரை ஒட்டியே ஓடுவதால் வரும் குழப்பம் இது.

காலையில் குனிந்து கோலம் போடும்போது வலி கூடுகிறதா? மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் பல்லில் இடிக்கிறதா? இரண்டு பக்கமும், பல பற்களும் சேர்ந்து வலிக்கின்றன என்கிறீர்கள். எனக்குச் சைனஸ் மேல்தான் சந்தேகம். மாறாக, ‘இந்தப் பல்தான்’ என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால், குளிர்ந்த நீர் பட்டபின் வலி நெடுநேரம் நின்றால், பல்லையே பார்க்க வேண்டும். குளிர்ச்சி வைத்துப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, எக்ஸ்ரே ஆகியவற்றை உங்கள் டாக்டர் செய்தாரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இது தலைகீழாகவும் நடக்கும். மூக்கின் ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், சொத்தையான மேல் பல்லே சைனஸைக் கெடுத்திருக்கலாம். அப்போது மூக்குக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை.

சரி, வாய் நாற்றத்துக்கு வருவோம். உண்மையில் எனக்குக் கவலை இதில்தான். உணவின் மிச்சத்தைக் கழுவி, அமிலத்தை மட்டுப்படுத்துவது உமிழ்நீர். தூக்கத்தில் அது எல்லோருக்குமே குறைந்துவிடும். நீங்கள் வாயால் வேறு மூச்சு விடுகிறீர்கள்; செட்ரிசினும் தன் பங்குக்கு வாயை உலர்த்தும். தொண்டைக்குப் பின்னால் இறங்கும் சளியும் சேர்ந்தால் நாற்றத்துக்குக் கேட்கவா வேண்டும்? மூன்று மாதம் இப்படிப் போனால், இன்று நல்லதாக இருக்கும் பல்லும் சொத்தையாகலாம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூக்கடைப்புக்கு மாத்திரையைவிட ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். அது உங்களுக்குச் சரிப்படுமா என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கேளுங்கள். படுக்கும் முன் ஃபுளோரைடு பேஸ்டால் துலக்கி, நுரையைத் துப்பியதோடு விடுங்கள். கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். அதன்பின் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். தொண்டைக்கு இதம் என்று பனங்கற்கண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. என் அம்மாவும் அப்படித்தான். சொன்னால் கோபம் வரும். பனங்கற்கண்டானாலும் இருமல் மிட்டாயானாலும் பல்லுக்கு அது சர்க்கரைதான். பகலில் வாய் காய்ந்தால் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம்.

காய்ச்சல், முக வீக்கம், கண்ணைச் சுற்றி வீக்கம் இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். பல் எக்ஸ்ரே எடுத்திருந்தால் மூக்கு டாக்டரிடமும் காட்டுங்கள். மேல் கடைவாய்ப் பல் படத்தில் பெரும்பாலும் சைனஸின் தரையும் விழுந்திருக்கும்.