எண் கணிதம்: கேள்வி – பதில்

கேள்வி: 2147483647 பகா எண் என்பதைக் கணினி இல்லாத காலத்திலேயே நிறுவிவிட்டார்களாமே, எப்படி?

பதில்: 1772-இல் கணிதமேதை ஆய்லர் நிறுவினார். இந்த எண் 2³¹ − 1. வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டுகிறது. எனவே 46,340 வரையுள்ள பகா எண்கள் எதுவும் இதை வகுக்கவில்லை என்று காட்டினால் போதும். ஆனால் அவையே ஏறத்தாழ 4,800! ஆய்லர் முதலில் அந்தப் பட்டியலைச் சுருக்கினார்.

ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வையுங்கள். அதனால் வகுத்தால் 2³¹-இன் மீதி 1. 31 பகா எண் என்பதால் அதற்கு முந்தைய எந்த அடுக்கும் மீதி 1 தராது. ஃபெர்மாவின் தேற்றப்படி, 2-இன் அடுக்காக அந்த வகுஎண்ணில் 1 கழித்த எண்ணைப் போட்டாலும் மீதி 1. ஆகவே வகுஎண்ணில் 1 கழித்தால் 31-ஆல் வகுபடும். வகுஎண் ஒற்றை எண் என்பதால், 1 கழித்தால் வருவது இரட்டை எண்; ஆகவே அது 62-ஆலும் வகுபடும். அடுத்து, 2³²-இன் மீதி 2. அதாவது 2¹⁶-இன் வர்க்கம் 2-ஐ மீதியாகத் தருகிறது. 2 இப்படி வர்க்க மீதியாக வரவேண்டுமானால், வகுஎண்ணை 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மிஞ்ச வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், வகுஎண்ணை 248-ஆல் வகுத்து வரும் மீதி 1 அல்லது 63 மட்டுமே. 46,340-க்குள் இப்படிப்பட்டவை 63-ஐ விட்டால் 372 எண்கள். அவற்றிலும் பகு எண்களைத் தள்ளிவிடலாம். மிச்சத்தைக் கையாலேயே வகுத்துப் பார்த்துவிடலாம். இந்தச் சுருக்கும் வேலைதான் அந்த நிரூபணத்தின் உண்மையான அழகு.

கேள்வி: 2³¹ − 1-இல் 31 போல, அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே விடையும் பகா எண் என்று சொல்லப் போதாதா?

பதில்: போதாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இரண்டு காரணிகளிலும் 1 கழித்தால் 22-ஆல் வகுபடுவதைக் கவனியுங்கள். மேலே சொன்ன அதே விதி.

கேள்வி: சி நிரல் மொழியில் எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை ரேண்டம் எண்ணாக எடுக்கிறேன். மைனஸ் எண்கள் வருகின்றன. 16807-க்குப் பதில் வேறு எண் போடலாமா?

பதில்: பெருக்குத்தொகைக்கு 46 பிட் வரை தேவைப்படும், 32 பிட் இன்ட்டில் (சி-யின் வழக்கமான முழு எண் மாறி) அது அடங்காமல் வழிந்து, மைனஸ் எண்ணாகத் தெரிகிறது. 64 பிட் மாறியில் பெருக்குங்கள். அது இல்லாத கருவி என்றால், எண்ணை 127773-ஆல் வகுத்து, மீதியை 16807-ஆல் பெருக்கி, அதிலிருந்து ஈவு × 2836-ஐக் கழியுங்கள். விடை மைனஸ் என்றால் 2147483647-ஐக் கூட்டுங்கள். 1-இல் தொடங்கினால் 10,000-ஆவது எண் 1043618065 வர வேண்டும். வராவிட்டால் நிரலில் பிழை. 0-வில் மட்டும் தொடங்காதீர்கள், 0-விலேயே நின்றுவிடும்.

பெருக்கெண்ணைக் கண்டபடி மாற்றாதீர்கள். 7-இன் அடுக்குகளை 2147483647-ஆல் வகுத்து வரும் மீதிகள் 1 முதல் 2147483646 வரை ஒன்று விடாமல் தொட்டுவரும். 16807 = 7⁵; 2147483646-ஐ 5 வகுக்காததால் இதற்கும் அந்தக் குணம் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் 16384-ஐப் போட்டுப் பாருங்கள்: அது 2¹⁴, 2³¹-இன் மீதியோ 1, முப்பத்தோராவது பெருக்கலில் தொடங்கிய எண்ணே திரும்ப வந்துவிடும். இன்னொன்று: கடவுச்சொல், ஓடிபி போன்றவற்றுக்கு இந்த முறை கூடவே கூடாது. ஒரு எண் தெரிந்தால் அடுத்ததை யாரும் கணக்கிட்டுவிடலாம்.