மனதில் நிற்கும் படகுக்காரி

கேள்வி: நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஒருவர் கதையைச் சொல்லி நடத்த, மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் விளையாட்டு) ஆட்டம் நடத்துகிறேன். பக்கம் பக்கமாகப் பின்கதை எழுதியும், நான் கொண்டுவரும் சத்திரக்காரர், காவலாளி யாரும் அவர்கள் மனதில் நிற்பதில்லையே?

பதில்: பின்கதையைக் குறையுங்கள். அந்த ஆள் இப்போது என்ன கேட்கிறார், கையால் என்ன செய்கிறார் என்பதுதான் ஆடுபவர்களுக்குத் தெரியும். என் ஆட்டத்தில் ஒரு படகுக்காரி. காசைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் துடுப்பைத் தொடுவாள். ஏறுகிறவர்களிடமெல்லாம், "போருக்குப் போன என் மகனைப் பாத்தீங்களா? இடது காதுல தழும்பு இருக்கும்" என்று விசாரிப்பாள். நான் எழுதி வைத்தது அவ்வளவுதான். எல்லோரும் புதையலை விட்டுவிட்டு அந்த மகனைத் தேடக் கிளம்பிவிட்டார்கள்! அப்படிக் கிளம்பினால் தடுக்காதீர்கள்.

குரல் மாற்றிப் பேச வராவிட்டால் பரவாயில்லை.

திடீரென எதிர்ப்படுபவர்களுக்கு 1974-ல் வந்த முதல் பதிப்பிலேயே வழி உண்டு. ஆறு முகப் பகடை இரண்டை உருட்டுங்கள்: 2 முதல் 5 வரை பகை, 6 முதல் 8 வரை தயக்கம், அதற்கு மேல் நட்பு. சிறைக் காவலாளிக்கு 11 விழுந்தால், ஏன் இந்தக் கனிவு என்று யோசியுங்கள். சம்பளப் பாக்கியா, தலைவன்மேல் வெறுப்பா? பெயர்களை மட்டும் முன்பே எழுதி வையுங்கள்; ஆட்ட நடுவே அவை தோன்றவே தோன்றாது.