பழைய இஎக்ஸ்5-ல கோத்தா பாரு போகலாமா?

"அண்ணே, அப்பா பால்மரம் வெட்டுன காலத்துல வாங்குன ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டர் சைக்கிள் இப்ப எங்கிட்டதான் இருக்கு, டிசம்பர் கடைசியில லீவு கெடைக்குது, வெள்ளிக்கிழம கெளம்பி கெரிக் வழியா கிளந்தான் கோத்தா பாருல வேலை செய்யுற கூட்டாளிய பாத்துட்டு வரலாம்னு இருக்கேன், தனியாத்தான் போறேன், மோட்டர் தாங்குமா, என்னென்ன ரெடி பண்ணிக்கணும்?" இங்க சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டத்துல இருந்து ஒரு தம்பி இப்படி கேட்டிருக்காரு.

தாங்கும் தம்பி. இருபது வருசத்துக்கு மேல இந்த மோட்டர பிரிச்சு மாட்டுறவன் சொல்றேன், எஞ்சின பத்தி கவலைப்படாதே, ஆயில் மாத்தி ஸ்பார்க் பிளக்கும் ஏர் ஃபில்டரும் சுத்தமா இருந்தா அது போயிட்டு வந்துடும். வழியில உன்ன உக்கார வைக்கிறது எல்லாம் பத்து வெள்ளி இருபது வெள்ளி சாமான்தான், அதுவும் நேரங்கெட்ட நேரத்துல நடந்தாத்தான் கஷ்டமே. காலையில 10 மணிக்கு பஞ்சர் ஆனா அது பஞ்சர், சாயங்காலம் 6 மணிக்கு அந்த காட்டு ரோட்டுல ஆனா அது வேற சங்கதி.

எனக்கு நடந்தத சொல்றேன். அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், இதே ரூட்டுதான், வீட்டுல சாப்பிட்டு அரட்டை அடிச்சிட்டு கெளம்பவே 11 மணி ஆயிடுச்சு. தெமெங்கோர் ஏரி மேல இருக்குற பண்டிங் பாலத்த தாண்டி மல ஏறிக்கிட்டு இருக்கேன், பின் சக்கரம் பாம்பு மாதிரி நெளியுது, நிறுத்தி பாத்தா காத்து சுத்தமா இல்ல. கையில ஒட்டு போடுற சாமான் எல்லாம் இருந்துச்சு, டயர கழட்டி டியூப்ப உருவுனா வால்வு கழுத்தோட கிழிஞ்சிருக்கு, அந்த எடத்துல ஒட்டு நிக்கவே நிக்காது. தள்ளிக்கிட்டே போனேன், மழ வேற, போன்ல லைன் இல்ல, ரோட்டோரத்துல யானச் சாணி, இன்னும் ஆவி போய்க்கிட்டு இருந்துச்சு, அத பாத்ததும் கால் ரெண்டும் உதற ஆரம்பிச்சிருச்சு. இருட்டுற நேரத்துக்கு காய்கறி எறக்கிட்டு திரும்புன ஒரு கிளந்தான் பாக்சிக், மலாய்க்காரப் பெரியவரு, லோரிய நிறுத்தி, காலி கூடைங்களுக்கு நடுவுல மோட்டர ஏத்திக்கிட்டு காட்ட தாண்டி வர்ற ஜெலி டவுன் வரைக்கும் கொண்டு வந்து விட்டாரு, காசு குடுத்தா வாங்கல, அந்த மனுசன் நல்லா இருக்கணும்.

ஏன் கிழிஞ்சிச்சுன்னு புரிஞ்சிக்க. டயர்ல காத்து கம்மியா இருந்தா, கியர் போட்டு இழுக்குறப்ப டயர் ரிம்முல கொஞ்சங்கொஞ்சமா நழுவும், கூடவே டியூப்பும் நகரும், ஆனா வால்வு ரிம் ஓட்டைய விட்டு நகர முடியாதுல்ல, அதனால கழுத்து கிட்ட இழுபட்டு இழுபட்டு கிழியும். இப்பவே போயி உன் பின் சக்கரத்த பாரு, வால்வு நேரா நிக்காம ஒரு பக்கம் சாஞ்சிருந்தா டயர் ஏற்கனவே நழுவியிருக்குன்னு அர்த்தம், காத்த சுத்தமா எறக்கிட்டு டயர தட்டி நேராக்கி திரும்ப காத்து அடி. பின்னால பேக் கட்டப்போறே, அந்த பாரத்துக்கு வழக்கத்த விட கொஞ்சம் கூடவே வேணும். ஒட்டு சாமான் மட்டும் பத்தாது, புது டியூப்பே ரெண்டு வாங்கி வச்சிக்க, முன்னுக்கும் பின்னுக்கும் 17 இஞ்ச்தான், அவசரத்துக்கு ஒன்னுக்கொன்னு மாத்தி போட்டு ஜெலி போய் சேந்துடலாம். டயர் நெம்புற கம்பி ரெண்டு, சின்ன கைபம்பு, அச்சு நட்டுக்கு சேர்ற ஸ்பேனர், இதெல்லாம் கட்டாயம்.

அடுத்தது செயின். இணைப்புல ஒரு சின்ன கிளிப் இருக்கும் பாத்திருப்பே, அதோட மூடுன பக்கம் செயின் ஓடுற திசைய பாத்து இருக்கணும், திருப்பி போட்டா எங்கயாவது தட்டி கழண்டுடும். நெறைய பேரு திருப்பித்தான் போட்டுட்டு வர்றாங்க. ஒரு கிளிப்பும் இணைப்பும் எக்ஸ்ட்ரா வாங்கி பர்ஸ்லயே போட்டு வச்சிக்க. பிரேக் சூ தேஞ்சிருந்தா மாத்திடு, எறக்கத்துல பெட்ரோல் எண்ணெ மிச்சம்னு நியூட்ரல்ல விடாதே, ரெண்டு மூணாவது கியர்ல எறங்கு, பிரேக்கையே மிதிச்சிக்கிட்டு எறங்கினா டிரம் சூடாகி கடைசி வளைவுல பிடிக்காது.

இப்ப ரோட்டு விசயம். கெரிக்ல இருந்து ஜெலி வரைக்கும் 120 கிலோமீட்டர் கிட்ட வரும், கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, 1982-ல தொறந்தது. உச்சியில 1,000 மீட்டருக்கு மேல ஏறும். தெமெங்கோர் ஏரிக்கு ரெண்டு பக்கமும் காடு, ராத்திரியானா கும்மிருட்டு. எண்ணெய கெரிக்லயே ஃபுல்லா போட்டுக்க, இஎக்ஸ்5 டேங்க் சுமார் நாலு லிட்டர்தான், ஆனாலும் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் குடுத்தாக்கூட ஜெலி போய் சேரும், தண்ணி போத்தல்ல எண்ணெ ஊத்தி பேக்ல வைக்கிற வேலையெல்லாம் வேணாம், ஆபத்து. லைன் கெடைக்காத எடம் நெறைய, அதனால கெரிக்ல நின்னு அம்மாவுக்கு போன் போட்டு "இத்தன மணிக்குள்ள ஜெலியில இருந்து கூப்பிடுவேன்"னு சொல்லிட்டு கெளம்பு.

யானை நின்னா ஹார்ன் அடிக்காதே, லைட்ட பளிச்சு பளிச்சுன்னு போடாதே, போன தூக்காதே. நல்லா தள்ளி தூரத்துலயே நிறுத்தி, மோட்டர வந்த பக்கமா திருப்பி வச்சிக்கிட்டு, எஞ்சின அமத்தாம காத்திரு, அது வழி விட்ட பெறகு கார் லோரிங்களோட சேந்து போ. 2025 மே மாசம் அன்னையர் தினத்தன்னிக்கு இதே ரோட்டுல, இருட்டு நேரத்துல ஒரு குட்டி யானைய லோரி மோதி, தாய் அந்த லோரியில தலைய முட்டிக்கிட்டு நகராம நின்னுச்சே, அந்த வீடியோவ நீயும் பாத்திருப்பே. எனக்கு இன்னும் மனசு ஆறல. அது அதுங்களோட எடம், நம்மதான் மெதுவா போகணும்.

நீ சொல்ற தேதிதான் எனக்கு பிடிக்கல. டிசம்பர் கடைசின்னா கிளந்தான்ல வெள்ளக் காலம், 2014-ல அதே மாசத்துலதான் அந்தப் பெரிய வெள்ளம் வந்துச்சு, மலரோட்டுல மண் சரிவும் உண்டு. சீனப் பெருநாள் முடிஞ்சு பெப்ரவரி கடைசி, மார்ச்ல போ, கூட்டாளி எங்கயும் ஓடிடமாட்டாரு. வெள்ளிக்கிழமையும் வேணாம், கிளந்தான்ல வார லீவே வெள்ளியும் சனியும்தான், தொழுகை நேரத்துல ஜெலி போய் சேந்தா மோட்டர் கடை ஒன்னும் தொறந்திருக்காது. ஞாயித்துக்கிழம போ.

மழைக் கோட்டு, சட்டையும் சிலுவாரும் தனித்தனியா உள்ளதா வாங்கு, போர்வ மாதிரி போத்துறது காத்துல பறந்து பின் சக்கரத்துல மாட்டும். நனைஞ்சிக்கிட்டே மல உச்சிக்கு போனா வெரல் மரத்துப்போயி பிரேக் பிடிக்க வராது, அதுக்கு ஒரு ஜோடி கையுறையும், காஞ்ச சட்டை ஒன்னு பிளாஸ்டிக் பையில கட்டியும் வச்சிக்க.

காலையில 5.30-க்கு இங்க எடுத்தா, லெங்கோங் வழியா கெரிக்ல எட்டரைக்கு பசியாறிடலாம், அதுக்குள்ள பனியும் கலைய ஆரம்பிச்சிடும், 12 மணி வாக்குல ஜெலி, மூணு மணிக்கு கோத்தா பாரு. நடுவுல பஞ்சர் ஆகி ரெண்டு மணி நேரம் போனாலும் வெளிச்சத்துலயே காட்ட தாண்டிடுவே. எந்தக் காரணத்துக்காகவாவது கெரிக் போய் சேரவே ரெண்டு மணி தாண்டிடுச்சுன்னா அன்னிக்கு அங்கயே ரூம் எடுத்து தங்கிடு, மலைக்குள்ள போகாதே.

கெளம்புறதுக்கு முந்துன வாரம் மோட்டர வீட்டு வாசல்ல ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்த நீயே கழட்டி, டியூப்ப மாத்தி, அந்த கைபம்புலயே காத்து அடிச்சு மாட்டிப் பாரு. மொத தடவ ஒரு மணி நேரம் ஆகும். அச்சு நட்டு துருப்பிடிச்சு கழலலன்னா கொண்டா, நான் எளக்கி குடுக்குறேன், காசு வேணாம், ஆனா சக்கரத்த நீதான் கழட்டணும்.