மகனுக்கு ஜியு-ஜிட்சு வேண்டுமா, கிக்பாக்சிங் போதுமா? சுங்கை சிப்புட் தாயாருக்குப் பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். மூத்த பையனுக்குப் பதினாறு வயது. பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் கிக்பாக்சிங் வகுப்புக்கு ஒரு வருஷமாகப் போகிறான். இப்போது எம்எம்ஏ, அதாவது குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டைப் போட்டியில் இறங்கவேண்டும் என்கிறான். ஈப்போவில் ஜியு-ஜிட்சு என்ற பிடிச்சண்டை வகுப்பு இருக்கிறதே, அதில் சேரேன் என்றால், “அதெல்லாம் பழைய காலம்மா, இப்போ யாரும் தரையில உருண்டு ஜெயிக்கிறதில்ல, குத்தும் உதையும் போதும்” என்கிறான். அவன் மாஸ்டரும் அப்படித்தான் சொல்கிறாராம். இரண்டு வகுப்புக்கும் பணம் கட்ட எங்களால் முடியாது. அவன் சொல்வது உண்மையா? எதில் சேர்ப்பது? கழுத்தில் கையில் அடிபட்டுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: அம்மா, முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்குத்தான் பணம் கட்ட முடியும் என்றால் அடுத்த ஆறு மாதத்துக்கு ஈப்போ வகுப்புக்குக் கட்டுங்கள். காரணம் எளிது. குத்தும் உதையும் அவனுக்கு ஓரளவு வந்துவிட்டன. அவற்றை வீட்டு முற்றத்தில் தனியாகவே பழகலாம். கயிறு குதிக்கலாம், ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக் குத்தலாம். பிடியைத் தனியாகப் பழக முடியாது. நம்மைக் கீழே அழுத்த இன்னொரு ஆள் வேண்டும், தப்பு செய்தால் உடனே திருத்த ஒரு பயிற்றுநர் வேண்டும். பணம் கொடுத்துத்தான் கிடைக்கும் விஷயம் அது.

உங்கள் மகன் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறான். இந்த விளையாட்டு தொடங்கியபோது நிலைமை வேறு. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் யுஎஃப்சி என்ற பெரிய எம்எம்ஏ தொடரின் முதல் போட்டி நடந்தது. எடைப் பிரிவு கிடையாது. ஹோய்ஸ் கிரேசி என்ற பிரேசில்காரர், ஏறக்குறைய 80 கிலோ எடையுள்ள ஒல்லியான ஆள், ஒரே இரவில் மூன்று பேரைப் பணிய வைத்தார். முதலில் வந்த குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் உறை மாட்டிக்கொண்டு வந்தார். கிரேசி அவரைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்தார். கழுத்தை நெரிப்பதற்கு முன்பே அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். கீழே விழுந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அன்றைக்கு உலகத்தில் பெரும்பாலான சண்டைக்காரர்களுக்கும் தெரியாது.

அந்த அறியாமை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அடுத்து மல்யுத்தக்காரர்கள் வந்தார்கள். ஒலிம்பிக்கில் மல்யுத்தம் செய்த மார்க் கோல்மன் ஆட்களைக் கீழே சாய்த்து மேலிருந்து அடக்கியே பட்டம் வாங்கினார். 1997-இல் மோரிஸ் ஸ்மித் என்ற கிக்பாக்சிங் வீரர் அவரைச் சந்தித்தார். கீழே கிடந்தபோது பதறாமல் தற்காத்துக்கொண்டு, கோல்மன் களைத்ததும் எழுந்து நின்று அடித்து ஜெயித்தார். இன்றைக்கு நாம் பார்க்கும் சண்டை முறை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஸ்மித் தரைச் சண்டையை ஒதுக்கவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்கு அதைப் படித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வந்த நல்ல அடிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான்.

ஆக, கிராப்பிளிங், அதாவது பிடிச்சண்டை, குறைந்துவிட்டதாகத் தெரிவதற்கு முதல் காரணம், அது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் பிடி தெரிந்தால் பிடி ஒன்றையொன்று தடுத்துவிடும், சண்டை நின்றபடியே நடக்கும். நாம் அந்தக் குத்தைத்தான் பார்க்கிறோம். அதற்கு முன் தடுக்கப்பட்ட நான்கு டேக்டவுன்கள், அதாவது காலையோ இடுப்பையோ பிடித்துக் கீழே சாய்க்கும் முயற்சிகள், நம் கண்ணில் படுவதில்லை. பையன் கைப்பேசியில் பார்க்கும் துண்டுக் காணொளிகளில் அவை வரவே வராது. ஒருவர் கீழே விழாமல் இருந்ததை யார் வெட்டிப் போடப்போகிறார்கள்?

விதிகளுக்கும் பங்கு இருக்கிறது. ஒவ்வொரு சுற்றும் ஐந்து நிமிடம். மணி அடித்தால் இருவரும் மறுபடி நின்றபடி தொடங்கவேண்டும். கஷ்டப்பட்டுக் கீழே சாய்த்தவரின் உழைப்பு அந்த மணியோடு போய்விடும். கீழே ஒன்றும் நடக்காவிட்டால் நடுவர் எழுப்பிவிடுவார். 2017 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புள்ளி விதிகள், மேலே படுத்திருப்பதற்காக மட்டும் புள்ளி இல்லை, அங்கிருந்து என்ன சேதம் செய்தாய், எந்தப் பிடிக்குப் போனாய் என்று கேட்கின்றன. சாய்த்துவிட்டுச் சும்மா கட்டிப்பிடித்துக் கிடந்தால், கீழே இருந்து முழங்கையால் அடித்தவருக்குச் சுற்று போகலாம். இது நல்ல திருத்தம் என்பதுதான் என் கருத்து. மல்லாந்து படுத்துக் காலால் எதிராளியின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு காத்திருக்கும் பழைய பாணி இதனால்தான் அடிபட்டது. வேர்வையில் வழுக்கும் உடம்பு, சின்ன உறைக்குள் இருக்கும் முஷ்டி, இவற்றுக்கு நடுவில் மல்லாந்து கிடப்பது நல்ல இடமே இல்லை.

சுத்தமான கிராப்பிளிங் வீரர்களுக்குத் தனி மேடையும் வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் லாஸ் வேகாசில் நடந்த ஒரு பிடிச்சண்டைப் போட்டியில் இரண்டு வெற்றியாளர்களுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்தார்கள். முகத்தில் குத்து வாங்காமல் அவ்வளவு பணம் வரும் என்றால், திறமையானவர்களில் சிலர் எம்எம்ஏ கூண்டுப் பக்கமே வரமாட்டார்கள்.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் “குத்தும் உதையும் போதும்” என்பது உண்மையில்லை. 2025 ஆகஸ்டில் ஹம்சத் சிமாயெவ், யுஎஃப்சி மிடில்வெயிட் சாம்பியன் டிரிக்கஸ் டு பிளெசியை ஐந்து சுற்றும் திரும்பத் திரும்பக் கீழே சாய்த்து, பெரும்பாலான நேரம் எழவே விடாமல் பட்டத்தைப் பறித்தார். அதே ஆண்டு நவம்பரில் இஸ்லாம் மகாச்செவ், குத்துச்சண்டையில் பெயர் எடுத்த ஜேக் டெலா மடலேனாவை அதே முறையில் அடக்கி இரண்டாவது எடைப் பிரிவிலும் பட்டம் வாங்கினார். இரண்டு சண்டைகளையும் முழுசாக, ஓட்டிவிடாமல், பையனை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அவன் மாஸ்டர் பெரும்பாலும் அலெக்ஸ் பெரேராவை உதாரணம் காட்டியிருப்பார். கிக்பாக்சிங்கிலிருந்து வந்து யுஎஃப்சியில் இரண்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வாங்கியவர், இடது கை பட்டால் ஆள் விழுவார். சரி, அந்தப் பெரேரா யாரிடம் போய்ப் பழகினார்? குளோவர் டெஷேரா என்ற ஜியு-ஜிட்சு கறுப்புப் பட்டைக்காரரிடம். 42 வயதில், 2021-இல், கழுத்தைப் பின்னாலிருந்து நெரித்துச் சாம்பியன் பட்டம் வாங்கியவர் டெஷேரா. கீழே விழுந்தால் எழுந்துவிடுவோம் என்ற நம்பிக்கை இருப்பவரால்தான் அவ்வளவு தைரியமாகக் கையை வீச முடியும்.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. செந்தூலைச் சேர்ந்த அகிலன் தாணியை உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். அவரே நல்ல பிடிக்காரர். 2017 மே மாதம் சிங்கப்பூரில், அதுவரை தோல்வியே காணாதவராக, ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்எம்ஏ நிறுவனத்தின் பட்டத்துக்காகப் பென் அஸ்க்ரனோடு மோதினார். அஸ்க்ரன் 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மல்யுத்தம் செய்தவர். கையையும் கழுத்தையும் சேர்த்து இறுக்கி முதல் சுற்றிலேயே முடித்துவிட்டார். பிடி தெரிந்தவரையே அவ்வளவு சீக்கிரம் அடக்க முடிகிறது என்றால், ஒரு பிடியும் தெரியாத பையனை எவ்வளவு நேரம் விட்டுவைப்பார்கள்? மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அதே அஸ்க்ரன் 2019-இல் யுஎஃப்சியில் காலைப் பிடிக்கக் குனிந்து ஓடினார். எதிரில் ஓடி வந்த ஹோர்ஹே மஸ்விடாலின் முழங்கால் முகத்தில் பட்டு ஐந்தே விநாடியில் விழுந்தார். பிடி மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி. உங்கள் மகனின் ஒரு வருஷப் பயிற்சி வீண் போகவில்லை.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. அவன் நாளைக்கே யுஎஃப்சிக்குப் போகப்போவதில்லை, அமெச்சூர் போட்டிக்குப் போகப்போகிறான். அனைத்துலக அமெச்சூர் விதிகளின்படி பெரியவர்களுக்கே சுற்று மூன்று நிமிடம்தான், முழங்கையால் அடிக்கக் கூடாது, காலுக்குத் தடுப்பு உறை மாட்டவேண்டும். ஒரே அடியில் ஆளைச் சாய்ப்பது அங்கே கடினம். ஆனால் கீழே ஒன்றரை நிமிடம் மாட்டிக்கொண்டால் அந்தச் சுற்று கிட்டத்தட்டப் போய்விட்டது. தொடக்க நிலையில் பிடி தெரியாதவன்தான் அதிகம் அவதிப்படுவான்.

அவன் என்ன கற்கவேண்டும் என்பதில் மட்டும் மகனின் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. நூறு வகைப் பூட்டுப் பிடிகளைப் படிக்க வேண்டியதில்லை. கீழே விழாமல் இருப்பது, விழுந்தால் எழுவது, இந்த இரண்டும் முதலில். கூண்டுச் சுவரோடு ஒட்டி எழும் வித்தையை விளக்குகிறேன், பயிற்றுநரிடம் இதைக் கேட்டுப் பழகட்டும். எதிராளி இரண்டு தொடைகளையும் கட்டிப்பிடித்துக் கீழே உட்கார வைத்துவிட்டான். மல்லாந்து படுக்கக் கூடாது. முதுகு சுவரில் ஒட்டியிருக்கவேண்டும். ஒரு கையைப் பின்னால் தரையில் ஊன்றி, மறு கையை எதிராளியின் அக்குளுக்கு அடியில் நுழைத்து அவன் தோளை மேலே தூக்கவேண்டும். ஒரு காலை மடக்கிப் பாதத்தைப் புட்டத்துக்கு அருகில் வைத்து, சுவரில் முதுகைத் தேய்த்தபடி எழவேண்டும். எழுந்ததும் வேலை முடியவில்லை. இடுப்பைச் சுற்றியிருக்கும் கையின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பிரித்து, இடுப்பைத் திருப்பி அவன் முகத்துக்கு நேராக நிற்கவேண்டும். பலர் எழுந்தவுடன் முதுகைக் காட்டி ஓடப் பார்ப்பார்கள், அங்கேதான் கழுத்து மாட்டும்.

பையன் தோட்டத்துத் திடலிலோ தமிழ்ப் பள்ளியிலோ கபடி ஆடியிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பாடிப் போனவன் கணுக்கால் மாட்டியதும் உடம்பை முன்னால் எறிந்து கோட்டைத் தொடுவதும், பிடிப்பவன் தலையைத் தாழ்த்தித் தொடையில் பாய்வதும் இதே வேலைதான். சுவாசத்தை அடக்கி ஆடிய பையன்கள் அழுத்தத்தில் பதறுவதில்லை. வகுப்புகளில் நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இனி உங்கள் பயம். கழுத்துப் பிடிகளில் ஆபத்து குறைவு, பையன் நேரத்தோடு தட்டினால். தட்டுவது என்றால் எதிராளியையோ தரையையோ கையால் தட்டி விட்டுக்கொடுப்பது. மானம் பார்த்துத் தாமதிப்பவர்களுக்குத்தான் அடிபடும். குதிகாலைத் திருகும் பிடி மட்டும் இந்த வயதில் வேண்டவே வேண்டாம். வலி தெரிவதற்கு முன்பே முழங்கால் தசைநார்கள் அறுந்துவிடும். இளையோர் ஜியு-ஜிட்சு போட்டிகளில் அதற்குத் தடை. இளம் பையன்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கும் வகுப்பாக இருந்தால் சேர்க்காதீர்கள்.

எலும்பைவிட எனக்குக் கவலை தோலைப் பற்றித்தான். நம் ஊர் வெயிலும் புழுக்கமும் படர்தாமரைக்குக் கொண்டாட்டம். முதல் நாள் நீங்களே கூடப் போய் மெத்தையைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுப்பாக இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்கள் என்று கேளுங்கள். வகுப்பு முடிந்ததும் பையன் அங்கேயே குளித்துவிட்டு வரட்டும். ஈர உடுப்போடு மோட்டாரில் வீடு வரை வரவேண்டாம். நகத்தை வெட்டிவிட வேண்டும். காது வீங்கினால் ஊசியால் வீட்டிலேயே குத்தாமல் ஒன்றிரண்டு நாளுக்குள் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். போட்டிக்காக எடையைக் குறைக்கிறேன் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் உடனே தடுத்துவிடுங்கள். வளரும் வயதில் அது வேண்டாத வேலை; இருக்கும் எடையிலேயே ஆடட்டும்.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு. வெள்ளை அங்கி போட்டு ஆடும் வகுப்பு வேண்டாம், அங்கி இல்லாத வகுப்பைக் கேளுங்கள். எம்எம்ஏவுக்கு அதுதான் நெருக்கம், அங்கி வாங்கும் செலவும் மிச்சம். மாதக் கட்டணம் அல்லாமல் வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்குவார்களா என்றும் விசாரியுங்கள். சனி, ஞாயிறு இரண்டு வகுப்பு போதும். பள்ளி நாட்களில் பாடத்தைப் பார்க்கட்டும். அப்புறம், கிக்பாக்சிங் மாஸ்டரிடம் சண்டை போட்டுக்கொண்டு விலகவேண்டாம், விவரத்தைச் சொல்லி விடைபெறட்டும். ஆறு மாதம் கழித்து அவரிடமே திரும்பிப் போகவேண்டியிருக்கும்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் பயிற்றுநரிடம் ஒன்று கேளுங்கள். அதே எடையுள்ள, ஒன்றிரண்டு வருஷம் பழகிய ஒருவனை மகனின் மேலே உட்கார வைத்து மூன்று நிமிடம் விடச் சொல்லுங்கள். பிடிக்கு மாட்டாமல், கண்ணை மூடிக்கொண்டு உதறாமல், ஒரு தடவையாவது எழுந்து நின்றுவிட்டான் என்றால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.