இடக்கையில் சுத்தியல் பிடித்த தட்டார்

கேள்வி: வாசிகசாலை ஆண்டு மலருக்காக 19ஆம் நூற்றாண்டுக் கல்லச்சுப் படங்கள் இரண்டின் பிரதிகளை எடுத்துள்ளோம். ஒன்றில் ஒரு தட்டார். மற்றதில் ஒரு நெசவாளரும் மனைவியும். அடியில் பிரெஞ்சு எழுத்து உள்ளது. 'அக்கால மட்டக்களப்புத் தொழிலாளர்' என்று போடலாமா? தட்டார் சுத்தியலை இடக்கையில் பிடித்திருப்பது ஏன்?
– வாசகர், பெரியநீலாவணை

பதில்: போடக்கூடாது. அடியில் உள்ள பிரெஞ்சு எழுத்தே உங்களை நிறுத்தியிருக்க வேண்டும். 1827 முதல் 1835 வரை பாரிஸில் வெளிவந்த 'பிரெஞ்சு இந்தியா' போன்ற கல்லச்சுத் தொகுதிகள் புதுச்சேரி, சோழமண்டலக் கரை, மலையாளக் கரை ஆகிய இடங்களின் மக்களைக் காட்டியவை. உடை நம்முடையதுபோல் இருப்பதால் ஊரும் நம்முடையதாகிவிடாது.

இடக்கைக்குக் காரணம் தட்டார் அல்லர், கல். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கலந்த கோலால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருளையை ஓட்டினால், ஈரம் பட்ட இடம் மையைத் தள்ளிவிட, கொழுப்புக் கோடு மட்டுமே அதைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தும்போது வலம் இடமாகும். மாற்றி வரையத் தவறினால் வலக்கைக்காரர் இடக்கைக்காரராகிவிடுவார். எழுத்து நேராக இருக்கிறதே என்பீர்கள். எழுத்தைக் கல்லில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி எழுதப் பழகியவர்கள் இருந்தார்கள். ஆகவே எழுத்து நேராக இருப்பது படத்துக்குச் சாட்சி ஆகாது.

நெசவாளர் படத்தை இன்னும் கூர்ந்து பாருங்கள். குழித்தறியில் நெய்பவர் குழிக்குள் காலை விட்டு, மிதிகட்டையை மாறிமாறி மிதித்தபடி உட்கார்ந்திருப்பார். இவரோ வெறுந்தரையில், குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். நீளவாக்கில் கட்டும் பாவு நூலும் இல்லை, தறியும் இல்லை. தொழிலுக்கொரு தம்பதியரை இப்படி நிறுத்தி வைப்பது, ஐரோப்பியர் வாங்குவதற்காகத் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் தீட்டிய தொகுப்புகளில் முன்பே ஊன்றிவிட்ட வழக்கம். அடியில் இருப்பது தொழிலின் பெயர்; நிற்கும் மனிதரின் பெயர் எங்குமில்லை. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் என் மனத்தை உறுத்துவது இதுதான்.

அதே தவறை உங்கள் மலர் செய்ய வேண்டாம். மருதமுனை உங்களுக்கு அடுத்த ஊர். அங்கே ஒரு தறியடிக்குப் போய், நெய்பவரின் சம்மதத்தோடு அவர் வேலை செய்கையிலேயே படம் எடுத்து, அவர் பெயரைக் கேட்டு அடியில் இடுங்கள். கல்லச்சுப் படத்தையும் பக்கத்தில் சேர்க்கலாம். 'பிரெஞ்சுக் கல்லச்சுப் படம், 19ஆம் நூற்றாண்டு. படத்திலிருப்பவரின் ஊரும் பெயரும் பதியப்படவில்லை' என்ற குறிப்புடன் மட்டும்.