எண்ணெயைக் குறைத்தும் கொழுப்பு ஏறுவது ஏன்?

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: வயது 52. வெள்ளிப் பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. சுத்த சைவம், எண்ணெயையும் பாதியாக்கிவிட்டேன். ஆனாலும் மொத்தக் கொலஸ்ட்ரால் 236, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 34, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 430. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. லேப்காரர்கள் மறந்துவிட்டார்களா?

பதில்: மறக்கவில்லை, சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுவார்கள். உங்களுக்கு அப்படிப் போட்டால் 116 வரும். பார்க்க ஆறுதலாக இருக்கும், ஆனால் நம்ப முடியாது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். ‘டைரக்ட் எல்டிஎல்’ என்று கேட்டு எடுங்கள். அதுவரை மொத்தத்தில் எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள்: 202. இது 130-க்குள் இருந்தால் நல்லது.

ட்ரைகிளிசரைடு ஏறினால் எண்ணெயை விட மாவுச்சத்து, இனிப்பு, மது இந்த மூன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். செலவாகாமல் மிஞ்சுவதைக் கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் விட்டுவிடும். நம் சேலமோ ஜவ்வரிசி ஊர். ‘லேசான பலகாரம்’ என்று ராத்திரி சாப்பிடும் ஜவ்வரிசி உப்புமாவில், 100 கிராம் ஜவ்வரிசிக்கு 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். பட்டறைக்கு வரும் டீயையும் எண்ணுங்கள்: 2 ஸ்பூன் வீதம் 5 டீ என்றால் சுமார் 40 கிராம் சர்க்கரை.

டீக்குச் சர்க்கரையை நிறுத்துங்கள். சோறு கால் தட்டு போதும். மிச்சத்தில் பாதிக்குமேல் காய், பிறகு பருப்பு, சுண்டல். வாரம் 150 நிமிட வேக நடை. மது இருந்தால் அடியோடு விடுங்கள். 3 மாதம் கழித்து, 12 மணி நேரம் வெறும் வயிற்றில் (தண்ணீர் குடிக்கலாம்) மறுபடி எடுங்கள். கூடவே எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), டிஎஸ்எச் (தைராய்டு), கிரியாட்டினின் (சிறுநீரகம்). கட்டுப்படாத சர்க்கரையும் தைராய்டு குறைவும் கொழுப்பை ஏற்றும். அதைப் பார்க்காமல் சாப்பாட்டை மட்டும் குறைத்துப் பயனில்லை. மாத்திரை வேண்டுமா என்பதை மூன்று மாதம் தள்ளிப்போடாமல் இப்போதே டாக்டரிடம் கேளுங்கள். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து தொடங்குகிறது. மேல்வயிற்று வலி முதுகுவரை போய், வாந்தியும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

ஏற்காடு வாசகி: வயது 61, சர்க்கரை உண்டு. கொலஸ்ட்ரால் மாத்திரை அடோர்வாஸ்டாடின் 20 மி.கி. தொடங்கி மூன்றாம் வாரம் கெண்டைக்கால் வலி, நிறுத்திவிட்டேன். காபித்தூளைக் கொதிக்கவைத்துக் குடிப்பதால்தான் எல்டிஎல் ஏறியதா?

பதில்: காபிக்கும் பங்கு இருக்கலாம். கொட்டையில் உள்ள காஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் எல்டிஎல்லை ஏற்றும். கொதிக்கவைத்த காபியில் அது நிறைய இறங்கும். பேப்பர் ஃபில்டர் அதைப் பிடித்து நிறுத்திவிடும். ஆனால் காபியை மாற்றினால் மாத்திரை வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவருக்கு எல்டிஎல் 100-க்குள், பலருக்கு 70-க்குள்ளேயே இருக்க வேண்டும். மாத்திரையை விட்ட சில வாரங்களில் அது பழைய இடத்துக்கே போய்விடும்.

மாத்திரையால் வரும் வலி பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். ஒரு கால் மட்டும் என்றால் மலைச் சரிவில் ஏறி இறங்குவதும் காரணமாகலாம். அந்தக் கால் வீங்கியிருந்தால் உடனே காட்டுங்கள். டாக்டரிடம் சொல்லி சிகே (தசைச் சிதைவைக் காட்டும் ரத்தச் சோதனை), டிஎஸ்எச் இரண்டும் பாருங்கள். அளவைக் குறைத்தோ அதே வகை மாத்திரையான ரோசுவாஸ்டாடினுக்கு மாற்றியோ தந்தால் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. வலியோடு சிறுநீரும் கடுங்காபி நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றே மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிடுங்கள்.