ஜன்னல் இல்லாத அறையும் பத்து ரிங்கிட் வரியும்: ஜார்ஜ்டவுன் சின்ன விடுதிகள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பினாங்கு ஜார்ஜ்டவுன் பழைய நகரத்துச் சின்ன விடுதிகள் பற்றியவை. விடுமுறை நெருங்குகிறது, அதனால் இருக்கும். பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: லெபோ சூலியா பக்கத்தில் பழைய கடைவீட்டை மாற்றிக் கட்டிய விடுதி ஒன்றில், இரவுக்கு 120 ரிங்கிட் என்று இரண்டு இரவுக்குப் பதிவு செய்தோம். படத்தில் பச்சை நிற மரப்பலகை ஜன்னல், வெயில், தெருக்காட்சி எல்லாம் இருந்தது. போய்ப் பார்த்தால் அறையில் ஜன்னலே இல்லை. கேட்டதற்கு, "பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும்" என்றார் முகப்பில் இருந்தவர். உண்மையா? (வாசகி, கிள்ளான்)

பதில்: கட்டடம் அப்படித்தான் இருக்கும், அது உண்மை. அதைச் சொல்லாமல் விற்றதுதான் தப்பு.

ஜார்ஜ்டவுன் கடைவீடு முகப்பில் ஒடுக்கம், உள்ளே நல்ல நீளம். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு பொது. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியே கிடையாது. முன்னால் அஞ்சடிக்கு (கடைமுன் மூடிய நடைபாதைக்கு) மேலே தெருப் பக்கம், பின்னால் சந்துப் பக்கம், நடுவில் வானம் பார்த்த முற்றம். வெளிச்சமும் காற்றும் இந்த மூன்று வழியாகத்தான் வர வேண்டும். கீழே கடையும் மேலே குடும்பமுமாக இருந்த வீட்டை எட்டு, பத்து அறையாகத் தடுத்தால், தெருவைப் பார்க்கும் அறை மாடியில் ஒன்றோ இரண்டோதான் தேறும். படத்தில் வருவது எப்போதும் அந்த அறைதான்.

இத்தனை கடைவீடுகள் விடுதியாக மாறியதற்கும் காரணம் உண்டு. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை குறைந்த வாடகையில் குடும்பங்கள் இங்கே தலைமுறையாக இருந்தன. 2000 தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்ததும் வாடகை ஏறியது, பலர் காலி செய்தார்கள். 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ்டவுன் இடம்பெற்ற பிறகு, காலியான வீடுகளுக்கு விடுதிக்காரர்கள் வந்தார்கள். பாரம்பரியப் பகுதிக்குள் முகப்பை இடிக்கவோ இஷ்டத்துக்குப் புது ஜன்னல் திறக்கவோ முடியாது. ஆக, உங்கள் அறைக்கு இனிமேலும் ஜன்னல் வரப்போவதில்லை.

அடுத்த முறை பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கு வாட்ஸ்ஆப்பில் கேளுங்கள்: எந்த மாடி, ஜன்னல் எதைப் பார்க்கிறது, குளியலறை அறைக்குள்ளேயா வெளியேயா. "ஜன்னல் உண்டா" என்று மட்டும் கேட்டால் "உண்டு" என்றுதான் பதில் வரும். அது நடைவழியைப் பார்த்த ஜன்னலாகவும் இருக்கலாம். திறந்தால் எதிர் அறைக்காரரின் செருப்பு தெரியும். எழுத்தில் கேட்பது முக்கியம், பிறகு அதுதான் உங்கள் ஆதாரம்.

முடிந்துபோன இந்தப் பதிவுக்கு என்ன செய்வது? பதிவுப் பக்கத்தில் அறை விவரத்தின் அடியில் "ஜன்னல் இல்லை" என்று சின்ன எழுத்தில் இருந்ததா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம்தான். இல்லையென்றால், இன்னொரு அறையின் படத்தைக் காட்டி இந்த அறையை விற்றிருக்கிறார்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட தவறான சித்திரிப்பைத் தடை செய்கிறது. பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, வேறு அறைக்கோ விலை வித்தியாசத்துக்கோ எழுதிக் கேளுங்கள். இரண்டு இரவும் சத்தமில்லாமல் தங்கிவிட்டு வந்து முழுப் பணத்தையும் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

ஒன்று சொல்லட்டுமா? லவ் லேன், சூலியா தெரு மதுக்கூடங்களுக்கு மேலே சனிக்கிழமை இரவு தெருப் பார்த்த அறையில் படுப்பதைவிட, ஏர்கான் ஒழுங்காக ஓடும் உள் அறையே மேல் என்பது என் கட்சி. ஆனால் அதற்கு உள் அறையின் விலைதான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: செயலியில் மூன்று இரவுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டுப் போனோம். முகப்பில் "சுற்றுலா வரி" என்று 30 ரிங்கிட்டும், "பினாங்கு கட்டணம்" என்று 6 ரிங்கிட்டும் ரொக்கமாகக் கேட்டார்கள். பக்கத்தில் நின்ற கோலாலம்பூர் குடும்பத்திடம் 30 ரிங்கிட் வாங்கவில்லை. இந்தியர்கள் என்றால் ஏமாற்றலாம் என்று நினைக்கிறார்களா? (வாசகர், சென்னை)

பதில்: இல்லை, அந்த வித்தியாசம் சட்டத்திலேயே இருக்கிறது. மலேசியச் சுற்றுலா வரி 2017 செப்டம்பரில் வந்தது. அறைக்கு, ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் விலக்கு. கணக்கு அறைக்குத்தான், தலைக்கு இல்லை. ஒரே அறையில் இருவர் தங்கி 20 கேட்டால் அதுதான் ஏமாற்று. மூன்று இரவு, ஓர் அறை, 30 ரிங்கிட்: சரி.

6 ரிங்கிட்டும் தனி விஷயம். பினாங்கில் ஹோட்டல்களுக்கு உள்ளூராட்சிக் கட்டணம் ஒன்று 2014 முதல் இருக்கிறது. மூன்று நட்சத்திரம் வரை ஓர் இரவுக்கு 2 ரிங்கிட், அதற்கு மேல் 3. இதை உள்ளூர்க்காரரும் கட்ட வேண்டும்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றில்தான் கவனம் வேண்டும். 2023 ஜனவரி முதல், பதிவுச் செயலிகள் வழியாகப் பணம் கட்டினால் சுற்றுலா வரியை அந்தச் செயலியே வசூலிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதனால் ஒரே வரியை இரண்டு இடத்தில் கட்டிவிடும் வாய்ப்பு உண்டு. செயலி அனுப்பிய ரசீதைத் திறந்து, சுற்றுலா வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முகப்பில் காட்டுங்கள், மறுபடி கட்ட வேண்டாம். கட்டிவிட்டீர்கள் என்றால் இரண்டு ரசீதையும் செயலியின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்புங்கள்.

சேவை வரி என்று 8 விழுக்காடும் சில பில்களில் வரும். 2024 மார்ச்சுக்கு முன் அது 6. ஆண்டு வருமானம் ஐந்து லட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய விடுதிதான் சுங்கத்துறையிடம் பதிந்து அதை வசூலிக்கும். ஏழெட்டு அறை மட்டும் உள்ள விடுதி சேவை வரி போட்டால், பில்லில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு இல்லாமல் அந்த வரியை வாங்க முடியாது. எல்லாவற்றுக்கும் அச்சடித்த ரசீது கேளுங்கள். ரசீது கேட்டதும் சில கட்டணங்கள் தாமாகவே காணாமல் போவது உண்டு.

கேள்வி: எழுபத்தைந்து வயது அம்மாவை அழைத்துப் போகிறோம். மாடிப்படி ஏற முடியாது. "லிஃப்ட் உள்ள பாரம்பரிய விடுதி" என்று தேடினால் விலை தலை சுற்றுகிறது. (வாசகர், ஈப்போ)

பதில்: லிஃப்டைத் தேடாதீர்கள், கீழ்த்தள அறையைத் தேடுங்கள். கடைவீட்டின் மரப்படி செங்குத்தாக இருக்கும், பிடிமானமும் ஒரு பக்கம்தான். குறைந்த விலை விடுதியில் லிஃப்ட் வைக்க இடமும் இல்லை, அனுமதியும் சுலபம் இல்லை. கீழ்த்தளத்தில் ஓர் அறையாவது வைத்திருக்கும் விடுதிகள் பல உண்டு. தொலைபேசியில் பேசி, அந்த அறை உங்களுக்கே என்று செய்தியில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். செயலியில் "சிறப்புக் கோரிக்கை" கட்டத்தில் எழுதுவது வெறும் வேண்டுகோள்தான், விடுதியைக் கட்டுப்படுத்தாது. குளியலறை வாசலில் படி உயரம் எவ்வளவு என்றும் கேளுங்கள். அதில்தான் வயதானவர்கள் இடறுகிறார்கள். நகருக்குள் சுற்ற கேட் (CAT) என்ற பேருந்து இருக்கிறது, இலவசம்.

கேள்வி: தைப்பூசத்துக்கு லிட்டில் இந்தியாவில் அறை எடுக்க நினைக்கிறோம். கோயிலுக்குப் பக்கம் என்று விலை இரண்டு மடங்கு சொல்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: எந்தக் கோயிலுக்குப் பக்கம் என்று கேட்டீர்களா? வெள்ளி ரதம் புறப்படுவது பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து. தங்க ரதம் 2017 முதல் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து. இரண்டும் லிட்டில் இந்தியாதான். ஆனால் காவடிகள் போய்ச் சேரும் தண்ணீர்மலை முருகன் கோயில் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஜாலான் கெபுன் பூங்கா பக்கம். தைப்பூசத்துக்கு முந்தின நாள் அதிகாலையில் ரதம் புறப்படுவதைப் பார்க்க ஆசை என்றால் லிட்டில் இந்தியா அறை நல்ல தேர்வு. காவடி பார்க்கவும் மலையேறவும் என்றால், சாலைகள் மூடியிருக்கும்போது ஊருக்குள்ளிருந்து நடந்தோ சுற்றியோ போக வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு மடங்கு கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, அந்த வட்டாரத்தில் எந்த நாளில் தங்கினாலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் அதிகாலை பாங்கு கேட்கும், பகலில் கேசட் கடைப் பாட்டும் கேட்கும். பள்ளிவாசல் 1801-லிருந்து அங்கே இருக்கிறது. இதையெல்லாம் குறை என்று எழுதி ஒரு நட்சத்திரம் கொடுப்பவர்கள் மீது எனக்கு இரக்கம் இல்லை. விலை விஷயத்தில் ஒன்றைப் பாருங்கள்: பண்டிகைக்கு விலையை ஏற்றுவது விடுதியின் உரிமை. உறுதிப்படுத்திய பதிவை "விலை மாறிவிட்டது" என்று பிறகு ரத்து செய்வது உரிமை இல்லை. உறுதிக் கடிதத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் பகுதி டுரியான் இரண்டு டப்பா வாங்கி வந்தோம், அறையில் திறக்கக்கூட இல்லை. வெளியேறும்போது 50 ரிங்கிட் டெப்பாசிட்டைப் பிடித்துக்கொண்டு, மேலும் 200 அபராதம் என்றார்கள். (வாசகர், சுங்கை பட்டாணி)

பதில்: முகப்பிலோ அறையிலோ "டுரியான் கூடாது, அபராதம் இவ்வளவு" என்று எழுதி வைத்திருந்தார்களா? இருந்தால், திறக்கவில்லை என்ற வாதம் எடுபடாது. மூடிய டப்பாவும் மணக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன! ஜன்னல் இல்லாத அறையில் அந்த வாடை ஏர்கானுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த வாடிக்கையாளருக்கு அறையைக் கொடுக்க முடியாது. அறிவிப்பே இல்லாமல், போகும்போது தொகையைக் கண்டுபிடித்துச் சொன்னால் மறுக்கலாம். எதற்கு எவ்வளவு பிடித்தோம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மங்குஸ்தானையும் பல விடுதிகள் தடுக்கின்றன, அதன் தோல் கறை விரிப்பில் போகாது.

டெப்பாசிட் என்று மைகாட்டையோ (மலேசிய அடையாள அட்டை) கடப்பிதழையோ (பாஸ்போர்ட்) பிடித்து வைக்கச் சம்மதிக்காதீர்கள். விவரத்தைப் பதிந்துகொண்டு திருப்பித் தர வேண்டும்.

கேள்வி: முதல் இரவே மூட்டைப்பூச்சி. காலையில் கை முழுக்கத் தடிப்பு. காலி செய்கிறோம், மீதி மூன்று இரவுப் பணத்தைத் தாருங்கள் என்றால், "திருப்பித் தரப்படாது என்று போட்டுத்தான் மலிவாகக் கொடுத்தோம்" என்கிறார்கள். (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: அந்த நிபந்தனை நீங்கள் மனம் மாறினால் பொருந்தும். விடுதி தூங்க முடியாத அறையைக் கொடுத்தால் பொருந்தாது. கட்டடம் நூறு வயது என்பதும் பதில் ஆகாது. மரத்தரையிலும் பலகைத் தடுப்பிலும் பூச்சி ஒளிய இடம் அதிகம், உண்மைதான். அதனால்தான் அவர்கள் அடிக்கடி மருந்தடிக்க வேண்டும். புத்தம் புதுக் கட்டடத்துக்கும் பூச்சி வரும், பயணப்பெட்டியில் ஏறித்தானே வருகிறது.

மெத்தை ஓரத் தையல், கட்டில் தலைப்பலகையின் பின்புறம், விரிப்பில் கறுப்புப் புள்ளிகள், இவற்றைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். பூச்சி ஒன்று கிடைத்தால் டேப்பில் ஒட்டி வையுங்கள். கிளினிக் போனால் அந்தச் சீட்டையும் வைத்திருங்கள். வேறு அறை தருகிறோம் என்றால் ஒட்டிய அறை வேண்டாம், பலகைச் சுவரைத் தாண்டி வர பூச்சிக்குச் சிரமம் இல்லை. பிறகு செயலி வழியாகப் பணம் கேளுங்கள். அங்கே நடக்கவில்லை என்றால், கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் தகராறு மனு கொடுக்கலாம்.

அதற்கும் மேலே மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் வைத்து வாதாடுவது பொதுவாகக் கிடையாது, நீங்களே போய்ப் பேசலாம். மனுவை இணையத்திலும் போடலாம். மூன்று இரவு வாடகைக்கு இவ்வளவு அலைச்சலா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மனு போட்டிருக்கிறோம் என்ற கடிதம் போனதுமே பணத்தைத் திருப்பும் விடுதிகள் உண்டு. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள்.

வீட்டுக்குப் போவதற்கு முன் துணிகள் எல்லாவற்றையும் ஒரு சுயசேவை டோபிக் கடையில் வெந்நீரில் துவைத்து, டிரையரில் அதிக சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பெட்டியைக் கட்டிலில் வைக்காதீர்கள். டோபிக் கடை ரசீதையும் கோரிக்கையோடு சேர்த்துவிடுங்கள், அதுவும் அந்த அறையால் வந்த செலவுதான்.